இரண்டாவது வாசம்

டயகம, கீழ்ப்பிரிவு
2024 ஜனவரி 17

வினோ,

பொங்கலன்று போனில் நாம் போட்ட சண்டை லயத்து வரிசை வீடுகள் முழுவதும் கேட்டிருக்கிறது. காம்பராவுக்கும் காம்பராவுக்கும் நடுவில் உள்ள சுவர் கூரைவரை போகாது என்பதைப் பாலைவனத்துக்குப் போய் மறந்துவிட்டீர்கள். மறுநாள் பீலியடியில் தண்ணீர் பிடிக்கும்போது பக்கத்துக் காம்பரா அக்கா, "வினோஜன் என்னா சொல்லுச்சு? வருதா, வரலியா?" என்று என்னிடமே கேட்டார். எனக்குப் பதில் தெரிந்திருந்தால் சண்டையே வந்திருக்காது.

இனிப் போனில் அத்தையோடு மட்டும் பேசுங்கள். என்னிடம் சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்புங்கள். நானும் அப்படியே செய்கிறேன். பேசும்போது எனக்கு முதலில் வருவது கோபம். எழுதும்போது அதற்கு அடியில் இருப்பதும் வரும்.

சண்டையில் சொல்ல முடியாமல் போன செய்தி இதுதான். நம் தேயிலைத் தொழிற்சாலையை மறுபடி திறக்கப் போகிறார்கள். கொழும்பிலிருந்து ஒருவர் குத்தகைக்கு எடுத்திருக்கிறார். ஓகஸ்டில் வேலை தொடங்குமாம். முத்துலிங்கம் ஐயா நூலகத்துக்கே வந்தார். பத்திரிகை பார்க்க வந்தவர்போல ஒரே பக்கத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மற்றவர்கள் எழுந்துபோன பிறகுதான் என் மேசைக்கு வந்தார்.

"இந்தா பாரு புள்ள, என்னையத்தான் மறுபடி டீ மேக்கரா போட்டிருக்காங்க. நாம போடுற முதல் தேயிலைக்குக் கொழும்புல நல்ல பேரு வரணும். வராட்டி இவனும் பூட்டிக்கிட்டுப் போயிருவான். மெசினு கெட்டா செஞ்சுக்கலாம். மூக்க எங்க போயி வாங்குறது? கொழுந்து புளிக்கப் போடுற ரூமுக்கு ஒன் புருசனத் தவிர வேற ஆளு எனக்குத் தெரியாது. வரச் சொல்லு."

இதைச் சொல்லத்தான் எடுத்தேன். நீங்கள் "இன்னும் என்னா வேணும் ஒனக்கு?" என்று தொடங்கிவிட்டீர்கள். எனக்கு வேண்டியது இதுதான். உங்களுக்கு இங்கே ஒரு வேலை, அதனால் நீங்கள் இங்கே.

தனுஷிகா


முகாம்
பெப்ரவரி 4

தனு,

உன் கடிதத்தை அறைக்கூட்டாளி றோலண்டின் கட்டிலில் படுத்துக்கொண்டு படித்தேன். என் கட்டிலில் சிக்னல் இல்லை. "தங்கச்சி என்னா, கோர்ட்டு நோட்டிஸ் மாதிரி எழுதியிருக்கு?" என்றான். அட்டன்காரனுக்கு அடுத்தவன் கடிதத்தை எட்டிப் பார்ப்பதுதான் பொழுதுபோக்கு. திட்டியிருக்கிறேன்.

பொங்கலன்று நான் பேசியது தப்பு. அன்று நல்ல வெயில்.

நான் எண்ணெய்க் கம்பெனியில் வேலை செய்வதாக நீ எல்லோருக்கும் சொல்கிறாய். எண்ணெய் வருகிற கிணற்றுப் பக்கம் எங்களை விடவே மாட்டார்கள். எங்களுக்கு ஓடாத கிணறுகள்தான். இந்த நாடு முழுக்க அப்படி நிற்கின்றன. எண்ணெய் குறைந்ததென்று நிறுத்தியது, குழாய் இற்றுப்போனது, விலை விழுந்தபோது மூடிவிட்டு மறந்துபோனது. இப்போது அரசாங்கம் கட்டளை போட்டிருக்கிறது: எந்தக் கிணறும் சும்மா நிற்கக் கூடாது. ஓட வை, இல்லாவிட்டால் சிமெந்து ஊற்றி மூடு. எதை ஓட வைக்கலாம், எதை மூடலாம் என்று பார்த்துச் சொல்வதற்கு நாங்கள் முதலில் போகிறோம். துருப்பிடித்த வால்வுகளுக்குக் கிரீஸ் அடிப்போம், அழுத்தம் பார்ப்போம், கம்பி இறக்கி எவ்வளவு ஆழத்தில் மண் அடைத்திருக்கிறது என்று பார்ப்போம். தரைக்கு மேலே வால்வுகள் அடுக்கிய தலைக்கு இங்கே கிறிஸ்மஸ் மரம் என்று பெயர். றோலண்ட் சிலுவை போட்டுவிட்டுத்தான் அதில் ஸ்பானரை வைப்பான். "டேய், இது கிறிஸ்மஸ் மரமில்ல, கல்லறைக் குருசுடா" என்றால் அடிக்க வருவான்.

பெரும்பாலும் மூடத்தான் சொல்கிறார்கள். ஒரு கிணறு திரும்ப ஓடினால் அன்று முகாமில் ஆட்டிறைச்சி. வந்த நாளிலிருந்து ஒரே ஒரு தடவை சாப்பிட்டிருக்கிறோம்.

ஒவ்வொரு கிணற்றுக்கும் ஒரு வாசம் இருக்கிறது, தனு. ஒன்று மண்ணெண்ணெய்ச் சிம்னி மாதிரி, ஒன்று மழையில் நனைந்த இரும்பு மாதிரி. நேற்றுப் பார்த்தது மாரியம்மன் கோயில் விளக்குத் திரி கருகினதுபோல. கசிவு எங்கே என்று, நெஞ்சில் மாட்டியிருக்கிற கருவி கத்துவதற்கு முன்னால் இரண்டு தடவை நான் சொல்லிவிட்டேன். எஞ்சினியர் எனக்கு மூக்கன் என்று பெயர் வைத்திருக்கிறார், அவர் பாஷையில்.

ஐயாவிடம் சொல், நான் எதையும் மறக்கவில்லை. அரைத்த கொழுந்தைப் பரப்பினால் பச்சை வாசம் போய் முதல் வாசம் எழும். புதிதாக வந்தவன் அதோடு சரியென்று டிரையருக்கு அனுப்பிவிடுவான். பிறகு அது அடங்கும். ஒன்றுமே இல்லாததுபோல ஆகிவிடும். அங்கேதான் அசையாமல் நிற்கவேண்டும். கொஞ்ச நேரத்தில் இரண்டாவது வாசம் எழும். அதில் எடுத்தால்தான் தேயிலை.

ஜூலையில் ஒப்பந்தம் முடிகிறது. வருகிறேன்.

வினோ


டயகம
மார்ச் 10

வினோ,

"வருகிறேன்" என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஒரு மாதம் ஓட்டிவிட்டேன். எனக்கு நல்ல செய்தி பழக்கமில்லை. வந்தால் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்க்கிறேன்.

போன ஞாயிறு தொழிற்சாலைக்குள் போனேன். கண்ணாடிகள் உடைந்து, வாட்டும் தட்டிகளில் வௌவால் எச்சம். நீங்கள் நிற்கும் அறையில் யாரோ ஆடு கட்டியிருக்கிறார்கள். முத்துலிங்கம் ஐயா அங்கேயே ஒரு வாங்கு போட்டு உட்கார்ந்து கூலியாட்களைத் திட்டிக்கொண்டிருந்தார். குத்தகைக்காரரிடம் உங்கள் பெயரைச் சொல்லித்தான் நம்பிக்கை கொடுத்தாராம். "ஆளு வெளிநாட்டுல இருக்கான், ஜூலையில எறங்குறான்னு சொல்லிப்புட்டேன். என் மானத்தக் காப்பாத்து புள்ள" என்றார்.

நம் லயத்தில் இப்போது ஆண்கள் என்று எண்ணினால் கிழவர்களும் பள்ளிக்கூடப் பையன்களும்தான். மற்றவர்கள் கொழும்பில் கடைகளில். தீபாவளிக்கு வருவார்கள், போவார்கள். திரும்பி வந்து தங்குவதற்கு ஒரு காரணம் வைத்திருக்கும் ஒரே ஆள் நீங்கள். உங்களை இங்கே ஒரு வேலை கூப்பிடுகிறது. இது எவ்வளவு அபூர்வம் என்று நீங்கள் நினைத்துப் பார்க்கவேண்டும். நமக்குக் கல்யாணமாகி நாம் ஒன்றாக இருந்தது ஒரு மழைக்காலம் மட்டும்.

கிணறுகளைப் பற்றி இன்னும் எழுதுங்கள். இரவில் அதை வாசித்துவிட்டுத்தான் தூங்குகிறேன்.

தனுஷிகா


முகாம்
ஏப்ரல் 21

தனு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். கண்ணில் கொஞ்சம் தொந்தரவு. புழுதி. முகாம் ஆஸ்பத்திரியில் சில நாள் வைத்திருந்தார்கள். இப்போது பரவாயில்லை.

வருஷப் பிறப்புக்கு றோலண்ட் பாயாசம் செய்தான். நல்ல வெள்ளையாக இருந்தது. எல்லோரும் சாப்பிட்டோம்.

இப்போது என்னை ஸ்டோரில் போட்டிருக்கிறார்கள். வால்வு, போல்ட்டு எல்லாம் எடுத்துக் கொடுக்கும் வேலை. கிணற்றுப் பக்கம் போவதில்லை. பகலில் சூடு. இரவில் குளிர். அம்மாவை மருந்து ஒழுங்காகக் குடிக்கச் சொல்.

வினோ


டயகம
மே 5

வினோ,

இந்தக் கடிதத்தை எழுதுவதா வேண்டாமா என்று யோசித்தேன். நான் எதையும் மிகையாகப் படித்துவிடுவேன் என்று நீங்களே சொல்வீர்கள்.

நீங்கள் பாயாசத்தைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அது வெள்ளையாக இருந்தது என்கிறீர்கள். ஏலக்காய் அதிகம் என்றோ, பால் அடிப்பிடித்த நாற்றம் என்றோ, முந்திரியைக் கருக்கிவிட்டான் என்றோ ஒன்றும் இல்லை. கல்யாணமான மறுநாள் காலையில் என் தலைமுடியை மோந்துவிட்டு, "நூலகத்துல மேத்தட்டுப் புத்தகம் நேத்துத் தொடச்சியா?" என்று கேட்ட மனிதர் நீங்கள். நான் துடைத்திருந்தேன்.

பெப்ரவரிக் கடிதத்தையும் ஏப்ரல் கடிதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டாவதில் நிறம் இருக்கிறது, சூடு இருக்கிறது, குளிர் இருக்கிறது. வாசம் இல்லை.

புழுதியால் ஆஸ்பத்திரியில் வைப்பார்களா? மூக்கன் என்று பெயர் வைத்தவர்கள் உங்களை ஏன் ஸ்டோரில் போட்டார்கள்?

நான் பயப்படுவது பொய்யென்றால் ஒரு வரி எழுதுங்கள். என்ன கேலி வேண்டுமானாலும் செய்யுங்கள்.

தனுஷிகா


முகாம்
மே 19

தனு,

நீ படித்தவள் என்று அம்மா பயந்ததில் ஒரு நியாயம் இருந்திருக்கிறது.

மார்ச் கடைசியில் நடந்தது. பல வருஷமாகச் செத்துக் கிடக்கிற கிணறு. மீட்டர் பூச்சியம் காட்டியது. கிணற்றுத் தலையைச் சுற்றி ஆளுயரத்துக்கு ஒரு சிமெந்துக் குழி இருக்கும். அடி வால்வுக்குக் கிரீஸ் அடிக்க நான் இறங்கினேன். நெஞ்சில் மாட்டும் கருவி காலையிலிருந்தே சும்மா சும்மா கத்திக்கொண்டிருந்தது. கெட்டுப்போய்விட்டது என்று ஏணியில் மாட்டிவிட்டேன். எனக்குத்தான் மூக்கு இருக்கிறதே.

கூழ்முட்டை நாற்றம் எழுந்தது. பிறகு அடங்கியது. ஒன்றுமே இல்லாததுபோல ஆனது.

நான் என்ன செய்திருப்பேன் என்று உனக்குத் தெரியும். அசையாமல் நின்றேன். இரண்டாவது தடவை எழட்டும், எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பிடித்துவிடலாம் என்று நின்றேன். அந்தக் காற்றுக் கூடினால் முதலில் மூக்கைத்தான் கொல்லும், நாற்றம் நின்றால் ஓடு என்று வந்த வாரமே வகுப்பில் சொன்னார்கள். பரீட்சையில் சரியாகப் பதில் எழுதியவன் நான். குழிக்குள் நின்றவன் பரீட்சை எழுதியவன் இல்லை. நம் தொழிற்சாலைக்காரன்.

றோலண்ட் முகமூடி போட்டுக்கொண்டு இறங்கி இழுத்தான். இல்லையென்றால் இந்தக் கடிதமும் இல்லை.

கண் சரியாகிவிட்டது. மூக்கு வரவில்லை. வரலாம், வராமலும் போகலாம் என்கிறார் டாக்டர். றோலண்ட் தினமும் கோப்பித் தூளையும் சவர்க்காரத்தையும் மூக்குக்குக் கீழே வைத்து "இது என்னா சொல்லு?" என்கிறான். இரண்டும் எனக்கு ஒரே காற்றுத்தான்.

நான் எல்லாம் யோசித்துவிட்டேன். மேசையில் ஒரு வெப்பமானி, சுவரில் கடிகாரம். கொழுந்து செம்பு நிறத்துக்கு வருவதைக் கண்ணால் பார்க்கலாம். மழை நாளில் எவ்வளவு நேரம், வெயில் நாளில் எவ்வளவு நேரம் என்று எனக்கு மனப்பாடம். ஐயாவுக்குத் தெரிய வேண்டாம். அம்மாவுக்கும் வேண்டாம். நான் வந்து அந்த அறையில் நின்றுவிட்டால் யாரும் கேட்கப் போவதில்லை.

ஒருவரிடமும் சொல்லாதே. இதை மட்டும் கேட்கிறேன்.

வினோ


டயகம
ஜூன் 23

வினோ,

இதை முதலில் மூன்று வரியில் எழுதினேன். அது தந்திபோல இருந்தது. அதனால் நடந்தபடியே எழுதுகிறேன்.

உங்கள் மே மாதக் கடிதத்துக்கு நான் பதில் எழுதாதது கோபத்தால் அல்ல. சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுக்க விரும்பினேன். "உயிரோடு இருக்கிறீர்களே, அது போதும்" என்று எழுதவும் விரும்பினேன். அது போதாது என்று உங்களுக்கும் தெரியும் என்பதால் எழுதவில்லை.

இம்மாதத் தொடக்கத்தில் தொழிற்சாலையில் சோதனை ஓட்டம் நடந்தது. பக்கத்துத் தோட்டத்திலிருந்து கொழுந்து கொண்டுவந்தார்கள். ரோலர் ஓடும் சத்தம் கேட்டதும் லயத்தில் சில பேர் அழுதார்கள். முத்துலிங்கம் ஐயா என்னையும் கூப்பிட்டிருந்தார். நீங்கள் இன்னும் வராததால் அன்று அவரே புளிக்கப் போட்டார். வெப்பமானி வைத்திருந்தார், கடிகாரம் பார்த்தார், நிறம் பார்த்தார். எல்லாம் நீங்கள் எழுதியிருந்தபடியே. நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், வினோ. அவர் எதையும் தவறவிடவில்லை.

போன வாரம் கொழும்பிலிருந்து பதில் வந்தது. நிறம் இருக்கிறது, குடித்தால் ஒன்றுமில்லை, சுடுதண்ணீர்போல என்று சொல்லிவிட்டார்களாம். குத்தகைக்காரர் ஐயாவைப் போனில் ஏசியிருக்கிறார். ஓகஸ்ட் தேயிலையும் இப்படியென்றால் பூட்டிவிடுவேன் என்றாராம்.

ஐயா மறுபடி நூலகத்துக்கு வந்தார். இந்தத் தடவை பத்திரிகையைத் தொடவில்லை.

"எனக்கு மூக்கு மங்கிருச்சு புள்ள. வயசு. அதுனாலதான் கடியாரத்த நம்புனேன். கடியாரத்துக்கு என்னா தெரியும், மல மேல மூட்டம் எறங்கிருக்கா இல்லையான்னு? போகட்டும். வினோ வந்துட்டா சரியாப் போயிரும். வந்துருவான்ல? நல்லா இருக்கான்ல?"

அவர் கேட்டது வெறும் சுகம் விசாரிப்பு. "ஆமாங்கய்யா" என்று சொன்னால் போதும். நான் வாயைத் திறந்தேன். ஜன்னலுக்கு வெளியே பெரட்டில் பேர் பதிந்துவிட்டுப் பெண்கள் மலைக்கு ஏறிக்கொண்டிருந்தார்கள். தொழிற்சாலை திறந்தால் கொழும்பிலிருந்து மகன் வந்துவிடுவான் என்று அவர்களில் பாதிப்பேர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.

நான் சொல்லிவிட்டேன்.

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு, "இத நீ சொல்லாம இருந்திருக்கலாம்" என்றார். எழுந்து கதவுவரை போய்த் திரும்பிவந்து, "இல்ல. சொன்னதுதான் சரி. அவன் கிட்ட எப்புடிச் சொல்லப் போற?" என்று கேட்டார். அவர் கண் கலங்கியிருந்தது. வேறு ஆள் தேட வேண்டும் என்றார். உங்களுக்குக் கொழுந்துச் சாக்கு இறக்கும் வேலை எப்போதும் உண்டு என்று சொல்லச் சொன்னார்.

சொல்லிவிட்டேன்.

வாருங்கள், வினோ. சாக்கு இறக்கினாலும் வாருங்கள். என் சம்பளம் சிறியது, ஆனால் இருக்கிறது.

தனுஷிகா


முகாம்
ஜூலை 7

தனுஷிகா,

நீ படிக்கிற புத்தகங்களில் இப்படிப் பெண்கள் இருப்பார்கள் என்று நினைக்கிறேன். உண்மையைச் சொல்லிவிட்டு, பிறகு அதை அழகாக எழுதவும் செய்வார்கள்.

நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்.

ஐயா செய்தது வேறு, நான் செய்வது வேறு. எனக்கு அந்த அறை தெரியும். ஒரு மாதம் கொடுத்திருந்தால் பழகியிருப்பேன். மூக்கும் வந்திருக்கலாம். அந்த ஒரு மாதத்தை நீ எடுத்துக் கொடுத்துவிட்டாய்.

சாக்குத் தூக்க வரமாட்டேன். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் ஆட்கள் நின்றுகொண்டு "மூக்கன் சாக்குத் தூக்குறான் பாரு" என்று சொல்வதைக் கேட்க என்னால் முடியாது. காது இன்னும் வேலை செய்கிறது.

கிணறு மூடும் குழுவில் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். குழாய்க்குள் சிமெந்து இறக்கவேண்டும், இறுகும்வரை காத்திருக்கவேண்டும், தலையை வெட்டிவிட்டு இரும்புத் தட்டு வைத்துப் பற்றவேண்டும். மூக்குத் தேவையில்லை. நான் விழுந்த கிணறும் மூடச் சொல்லி வந்திருக்கிறது. அடுத்த வாரம் போகிறோம்.

இனி எழுதாதே.

வினோஜன்


டயகம
செப்டம்பர் 22

வினோ,

ஜூலைக்குப் பிறகு நான் அனுப்பிய எதுவும் உங்கள் போனுக்குப் போய்ச் சேரவில்லை. ஒற்றைக் குறியோடு நிற்கின்றன. றோலண்ட் அண்ணன் விடுமுறையில் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு அட்டனுக்குப் போனேன். நாளை மறுநாள் திரும்புகிறார். நாளை மறுபடி போய் இந்தத் தாளை அவர் கையில் கொடுக்கிறேன்.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் எனக்கு ஒரு தேத்தண்ணி வாங்கித் தந்தார். "அவன் வாசிக்க மாட்டான் தங்கச்சி. ஒங்க பேரச் சொன்னாலே எந்திரிச்சுப் போயிர்றான்" என்றார். போன மாதம் நீங்கள் சோற்றுப் பானையை அடுப்பில் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தீர்களாம். பானை கருகி அறையெல்லாம் புகை நிறைந்து மற்றவர்கள் ஓடிவந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தீர்களாம். அவர் அதை வேடிக்கைபோல சொல்ல ஆரம்பித்தார். முடிக்கவில்லை.

தொழிற்சாலை ஓடுகிறது. பூண்டுலோயாவிலிருந்து சோலைமலை என்று ஒருவர் வந்து உங்கள் அறையில் நிற்கிறார். நல்ல மனிதர்தான். முதல் தேயிலைக்குக் கொழும்பில் நல்ல பேர். கடைக்கோடிக் காம்பராவில் இரண்டு பையன்கள் கொழும்பை விட்டுவிட்டு வந்துவிட்டார்கள். கோயிலில் பொங்கல் வைத்தார்கள். எல்லோரும் சந்தோஷமாக இருக்கிறார்கள். நான் செய்தது சரி என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். ஆனால் அந்தச் சாட்சியைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. மாலையில் சங்கு ஊதும்போது காதைப் பொத்திக்கொள்கிறேன்.

ஐயா மறுபடி அதே கேள்வியைக் கேட்டாலும் மறுபடி அதையேதான் செய்வேன். மன்னிப்புக் கேட்டு எழுத நான் பலமுறை உட்கார்ந்தேன். ஒவ்வொரு தடவையும் இந்த இடத்தில் வந்து நின்றுவிடுகிறேன். மன்னிப்புக் கேட்க முடியாத ஒன்றைச் செய்துவிட்டு அதனோடு இருப்பது எப்படி என்று எந்தப் புத்தகத்திலும் நான் படிக்கவில்லை.

அத்தைக்குத் தெரிந்துவிட்டது. எப்படி என்று கேட்காதீர்கள். இது லயம். அன்று மலையிலிருந்து வந்து கூடையைக்கூட இறக்காமல் வாசலில் நின்று, "எம்புள்ள மூக்கு போனதுக்கு அவன் என்னா செய்வான்? அவன வீட்டுக்கு வர விடாமப் பண்ணது நீதானடி" என்றார். அதற்குப் பிறகு என்னோடு பேசுவதில்லை. ஒரே பானையில் சமைக்கிறோம். எனக்கு வைத்துவிட்டுத்தான் சாப்பிடுகிறார். ஆனால் ஒரு வார்த்தை இல்லை.

உங்கள் குரல் அவர் காதில் விழுந்து இரண்டு மாதத்துக்கு மேலாகிறது. எடுத்தால் நான் பக்கத்தில் இருப்பேன் என்பதால்தான் நீங்கள் எடுப்பதில்லை என்று றோலண்ட் அண்ணன் சொன்னார். அத்தை மலைக்குப் போகும்போதும் போனை நெஞ்சில் செருகிக்கொண்டு போகிறார். இரவில் அதைக் கையில் பிடித்தபடியே தூங்கிவிடுகிறார்.

எனக்கு எழுத வேண்டாம். இதற்குப் பதிலும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைகளில் மாலை ஆறு மணிக்கு நான் காம்பராவை விட்டுக் கீழே ரோட்டுக்கு இறங்கிவிடுவேன். மழை பெய்தாலும் இருட்டும்வரை வரமாட்டேன். அந்த நேரத்தில் உங்கள் அம்மாவைக் கூப்பிடுங்கள்.

தனுஷிகா